துண்டுக்குள் ஒரு கார்

விலையை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். சொன்னால் குற்றம்.

தங்கச்சி மகளுக்கு வண்டி வாங்கப் போன கதையைச் சொல்லலாம். வண்டி என்ன நிறம், எத்தனை கதவு, எந்த இருக்கை எந்தப் பக்கம் திரும்பும் என்பதையெல்லாம் ஊரைக் கூட்டிச் சொல்லலாம். எவ்வளவு கேட்டான் என்பதை மட்டும் வெளியே விடக்கூடாது. விட்டால் அபராதம். அபராதத்தைக் கட்டித் தொலைத்தாலும் வண்டியின் உத்தரவாதம் ரத்து. இந்தச் சட்டத்தை எழுதியவர் ஒரு நாளாவது காய்கறிக் கடைக்குப் போயிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம். பக்கத்தில் நிற்கும் அம்மாளிடம் "நீங்க என்ன விலைக்கு வாங்குனீங்க?" என்று கேட்காமல் இந்த நாட்டில் யாராவது கத்திரிக்காய் வாங்கியிருக்கிறார்களா?

என் பெயர் தனுஷ்கோடி. விருதுநகரில் மிளகாய் வத்தல் மண்டி வைத்திருக்கிறேன். அப்பா காலத்துக் கமிஷன் கடை. கரிசல் காட்டிலிருந்து வத்தல் கொண்டுவரும் விவசாயிகளை நாங்கள் சம்சாரி என்போம். சம்சாரி மூட்டையை இறக்கிவிட்டு பெஞ்சில் வந்து உட்கார்ந்ததும், என் தோள் துண்டை எடுத்து அவர் கைமேலும் என் கைமேலும் போடுவேன். துண்டுக்கு அடியில் விரல்கள் பேசும். எந்த விரலைப் பிடிக்கிறோம், எத்தனை விரலைப் பிடிக்கிறோம், எங்கே அழுத்துகிறோம் என்பதில் விலை இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அடுத்த சம்சாரிக்கு ஒன்றும் தெரியாது. நாகரிகமான முறை. ஒருவர் விலை இன்னொருவர் காதில் விழாது, யாருக்கும் மனக்கசப்பு வராது. வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர் யார், போர் போட்டுத் தண்ணீர் வராமல் தவிப்பவர் யார் என்பதெல்லாம் மூட்டையை இறக்கும் வேகத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பெயர் அனுபவம்.

அப்படிப்பட்ட என்னை ஒரு கண்ணாடிப் பலகை ஏமாற்றப் பார்த்தது. ஆத்திரம் வருமா, வராதா?

என் தங்கை மாரிக்கனிக்கு ஒரே மகள், சுபிக்ஷா. சட்டம் படித்தவள். கல்லூரிக் கடைசி வருடத்தில் பஸ் படியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. உள்ளே தகடு வைத்திருக்கிறார்கள். கைத்தடியோடு நடப்பாள், நிற்பாள், வீட்டில் எந்த வாக்குவாதத்திலும் யாரையும் ஜெயிக்க விடமாட்டாள். தாழ்ந்து உட்காரவும் ஏறி உட்காரவும் மட்டும் முடியாது. மதுரையில் ஒரு பெரிய வழக்கறிஞர் அம்மாளிடம் ஜூனியராகச் சேர அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். வராவிட்டால் அந்த நாற்காலிக்கு வேறு ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். விடுதியில் தங்கலாமே என்றால், காலையில் எழுந்து காலுக்கு சாக்ஸ் மாட்டவே அம்மா வேண்டும். வாடகைக் காரில் போகலாமே என்றால், அந்தக் கார்கள் தரையோடு தரையாகக் கிடக்கின்றன. ஒருமுறை மதுரை போய் வந்ததற்கு ஒரு வாரம் படுக்கையில் கிடந்தாள்.

ஆகவே சொந்த வண்டி. அதிலும் கிராஸ்ஓவர். கிராஸ்ஓவர் என்பது காருக்கும் ஜீப்புக்கும் பிறந்த பிள்ளை. காரைப் போலத் தவழாது, ஜீப்பைப் போல ஏணி கேட்காது. நின்றபடி பின்னால் சாய்ந்தால் இருக்கை சரியாக இடுப்புக்கு வந்து நிற்கும். சில வண்டிகளில் இருக்கையே வெளிப்பக்கம் திரும்பி, ஆளை வாங்கிக்கொண்டு உள்ளே திரும்பும். ஓட்டுகிற வேலையை இப்போதெல்லாம் வண்டியே பார்த்துக்கொள்கிறது. சுபிக்ஷாவுக்கு வேண்டியது அந்தத் திரும்பும் இருக்கை. மற்றதெல்லாம் அலங்காரம்.

சனிக்கிழமை காலை மூவரும் நால்வழிச் சாலையில் இருக்கும் 'துருவா' ஷோரூமுக்குப் போனோம். வாசலிலேயே நான் பாடம் எடுத்தேன்.

"அந்த சீட்டை யாரும் திரும்பிக்கூடப் பாக்கக்கூடாது. மொதல்ல வேற வண்டியை விலை கேப்போம். அப்புறம் போனாப் போகுதுன்னு இதைக் கேப்போம். குறை சொல்லுவோம். கடைசில கிளம்புவோம். கூப்பிடுவான்."

"கூப்பிடலைன்னா?" என்றாள் மாரிக்கனி.

"இந்த ஊர்ல கிளம்புன ஆளைக் கூப்பிடாத கடையை நீ பாத்திருக்கியா?"

உள்ளே நீலச் சட்டை போட்ட ஒரு இளைஞன் கும்பிட்டான். சட்டையில் இன்பராஜ் என்று எழுதியிருந்தது.

"வாங்கண்ணாச்சி, வாங்கம்மா. காபியா, மோரா?"

"விலையைச் சொல்லுய்யா மொதல்ல."

"விலை எங்கிட்ட இல்லண்ணாச்சி. பலகைகிட்ட இருக்கு. எங்கிட்ட காபியும் மோரும்தான்."

ஒவ்வொரு வண்டிக்கும் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடிப் பலகை. வாங்குகிறவரும் அவர் துணைக்கு வந்த ஒருவரும் எதிரில் நின்றால் அவர்கள் கண்ணுக்கு மட்டும் எண் தெரியும். மற்றவர்களுக்கு வெறும் கண்ணாடி, நம் முகமே திரும்பித் தெரியும். சுபிக்ஷாவும் நானும் ஒரு சின்னக் காருக்கு முன்னால் நின்று கொட்டாவி விட்டோம். பிறகு தற்செயலாக வந்தவர்களைப் போல கிராஸ்ஓவர் பக்கம் ஒதுங்கினோம். எண் வந்தது. எண்ணைப் பார்த்ததும் சுபிக்ஷாவின் கைத்தடி தரையில் ஒருமுறை 'டொக்' என்றது. நான் முகத்தை மாற்றவில்லை.

"கலர் மங்கலா இருக்கே," என்றேன்.

எண் ஏறியது.

"டயர் சைக்கிள் டயர் மாதிரி இருக்கு."

இன்னும் ஏறியது.

"பின்னாடி ஒரு மூட்டை வைக்க இடம் இல்ல. இதெல்லாம் நமக்குச் சரிப்படாதுத்தா."

விறுவிறுவென்று ஏறியது. நான் கண்ணாடியைத் தட்டினேன்.

"என்னய்யா இது? மட்டம்னு சொன்னா விலையை ஏத்துது?"

இன்பராஜ் மோர் டம்ளரை நீட்டுகிற சாக்கில் பக்கத்தில் வந்தான். "அண்ணாச்சி, நீங்க யாருன்னு அதுக்குத் தெரியும். மண்டிக்காரங்க வேண்டாத சரக்கைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. குறை சொல்றாங்கன்னா வாங்கப் போறாங்கன்னு படிச்சு வச்சிருக்கு."

"அப்ப பாராட்டுனா இறங்குமா?"

"ஒரு பாத்திரக்கடை அண்ணாச்சி பாராட்டிப் பாத்தாரு. அதுக்கும் ஏறுச்சு."

கடைசி அஸ்திரம் ஒன்று இருந்தது. கிளம்பினோம். செருப்பைச் சத்தமாகத் தேய்த்துக்கொண்டு வாசல் வரை போனோம். கூப்பிடவில்லை. வாசலைத் தாண்டினோம். கூப்பிடவில்லை. வெயிலில் தண்ணீர்த் தொட்டி ஓரமாகப் போய் நின்றோம். உள்ளே இன்பராஜ் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தது கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

"கூப்பிடுவான்னியேண்ணே," என்றாள் மாரிக்கனி.

"பொறு."

பொறுத்தோம். சுபிக்ஷாவால் அதற்குமேல் நிற்க முடியவில்லை. தோற்ற முகத்தோடு திரும்ப உள்ளே போனால், எண் மறுபடியும் ஏறியிருந்தது.

"திரும்பி வர்றவங்களுக்குத் தேவை உறுதின்னு அதுக்குக் கணக்குண்ணாச்சி," என்றான் இன்பராஜ், தானே தப்பு செய்துவிட்டவன் போல.

எங்கள் அப்பாவும் அவர் அப்பாவும் கட்டிக் காத்த வித்தை அத்தனையும் ஒரு கண்ணாடிக்கு முன்னால் அம்மணமாக நின்றது.

கடை ஒன்றா இருக்கிறது? எதிர்ப்பக்கம் 'நளன்' ஷோரூம். வேறு கம்பெனி, வேறு வண்டி, வேறு நிறச் சட்டை. அங்கேயும் கண்ணாடிப் பலகை. துருவாவில் மைலேஜ் கூட, நளனில் டிக்கி பெரிது, துருவாவில் கூரையில் ஜன்னல், நளனில் குளிரூட்டும் பெட்டி. இரண்டு விலையையும் தட்டில் வைத்துப் பார்த்தால் நடுவில் டீச்செலவுக்குத்தான் வித்தியாசம். இரண்டு பட்டியலிலும் திரும்பும் இருக்கைதான் முதல் வரி. 'மருத்துவ வசதி' என்று தலைப்புப் போட்டு, தனி விலை போட்டிருந்தார்கள். அந்த விலைக்கு ஒரு பழைய காரே வாங்கலாம்.

வெளியே வந்து ஒரு ஜூஸ் கடை நிழலில் உட்கார்ந்தோம். சுபிக்ஷா நாற்காலியில் உட்காராமல் கவுண்டரில் சாய்ந்து நின்றாள்.

"மாமா, ரெண்டு கடைக்கும் பின்னாடி ஒரே மூளைதான். தகுவிலைன்னு பேரு. அது வண்டிக்கு விலை போடுறதில்ல. நமக்கு விலை போடுது."

"நமக்கா?"

"என் எக்ஸ்ரே, நான் போன ஆஸ்பத்திரி, அம்மா போன்ல தேடுன திரும்புற சீட்டு, திங்கக்கிழமை வந்து சேருன்னு மதுரையில இருந்து வந்த மெயில். எல்லாத்துக்கும் சம்மதம்னு நாமதானே அமுக்கியிருக்கோம். உள்ள நுழைஞ்சதும் நாடித் துடிப்பு, கண்ணு, குரல் எல்லாத்தையும் வாங்கிக்கிடும். இதுக்கு மேல போனா இவளால முடியாது, ஆனா இதுவரைக்கும் எப்படியாவது பெரட்டிருவான்னு ஒரு இடம் இருக்குல்ல? அங்க கொண்டுபோய் நிறுத்தும்."

"சரி, வாங்குன நாலு பேருகிட்ட கேட்டா தெரிஞ்சு போகுது."

"அதுதான் முடியாது. விலை என் சொந்த விவரத்துல இருந்து பிறக்குது. அதனால விலையும் சொந்த விவரம். வெளிய சொன்னா தனிநபர் ரகசியத்தை மீறுன குற்றம். என்னைப் பாதுகாக்கத்தான் இந்தச் சட்டமாம்."

மாரிக்கனி கரும்புச்சாற்றை அப்படியே வைத்துவிட்டாள். "அப்ப என் புள்ளைக்கு இடுப்பு உடைஞ்சதுக்கு இவன் விலை போடுறானா?"

மழை பெய்யும்போது குடை விலையை ஏற்றுகிறவனை எனக்குத் தெரியும். அவனைத் திட்டலாம், ஆனால் மழை எல்லோருக்கும் பெய்கிறது, விலையும் எல்லோர் காதிலும் விழுகிறது. இவன் காய்ச்சல்காரனுக்கு மட்டும் தனியாகக் குடை விற்கிறான். விற்றுவிட்டு, என்ன விலை என்று வாயைத் திறந்தால் அபராதம் என்கிறான். வியாபாரத்தில் எத்தனையோ திருட்டைப் பார்த்திருக்கிறேன். திருடன் நம் நன்மைக்காகத்தான் திருடுகிறான் என்று சட்டம் போட்டதை இப்போதுதான் பார்க்கிறேன்.

"எந்திரிங்க," என்றேன். "மறுபடி துருவாவுக்குப் போவோம்."

"எதுக்குண்ணே? இன்னும் ஏத்துறதுக்கா?"

எதற்கு என்று எனக்கே தெரியாது. கோபத்துக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

போன இடத்தில் சோபாவில் எண்ணெய் மில் வேலாயுதம் உட்கார்ந்திருந்தார். என் வயதுக்காரர். ஒரு காலத்தில் என் கடைக்கு எதிரிலேயே தரகு பார்த்தவர், பிறகு பருத்திவிதை எண்ணெயில் மேலே போனவர். வீட்டில் நிற்கும் வண்டிகளுக்கே ஷெட் போதாது.

"என்ன மாப்ளே இந்தப் பக்கம்?" என்றார். "பேரனுக்கு இருக்குற வண்டி கலர் பிடிக்கலையாம். ஒண்ணு பாத்துட்டுப் போவோம்னு வந்தேன். வாங்குனா வாங்குறது, இல்லாட்டி இல்ல."

அவரும் அதே கிராஸ்ஓவரைத்தான் பார்த்திருந்தார். என் கை தானாகத் தோளுக்குப் போனது. ஆயுள் முழுக்கச் செய்த காரியம், யோசனை தேவைப்படவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன், துண்டை உதறினேன், இருவர் கைமேலும் போட்டேன்.

வேலாயுதம் ஒரு கணம் முழித்தார். பிறகு அவர் உதட்டோரம் சிரித்தது. பழைய தரகரல்லவா. துண்டுக்குள் என் விரல்களைத் தேடிப் பிடித்தார்.

பிடித்த பிடியில் நான் ஆடிப்போனேன். தவறாகப் பிடித்துவிட்டார் என்று நினைத்து, மறுபடி என்று தட்டினேன். மறுபடி அதையே பிடித்தார். சுபிக்ஷாவுக்குச் சொன்ன விலையில் பாதியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். இருக்கை? கண்ணால் வண்டியின் அந்தப் பக்கத்தைக் காட்டிக் கேட்டேன். அவர் என் விரல்களை விட்டுவிட்டு, தன் வெறும் முஷ்டியை என் உள்ளங்கையில் வைத்தார். எங்கள் தொழிலில் வெறும் முஷ்டி என்றால் ஒன்றுமில்லை. இலவசம்.

இப்போது என் முறை. சுபிக்ஷாவின் விலையை அவர் விரல்களில் வைத்தேன். அவர் சிரிப்பு நின்றது. தடியை ஊன்றி நிற்கும் பெண்ணை ஒருமுறை பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இந்தப் புள்ளைக்கா?" என்றார். "அடப்பாவிகளா."

இரண்டு காலும் இரும்புத் தூண் மாதிரி இருக்கும் மனுசனுக்கு அந்த இருக்கை இலவசம். அவர் பேரன் அதில் கிரிக்கெட் மட்டையைப் போடுவான். அந்த இருக்கை இல்லாவிட்டால் ஒரு பிழைப்பே இல்லாமல் போகிறவளுக்கு, அதற்குத் தனி விலை.

கூரையில் ஒரு விளக்கு சிவப்பாக மினுக்கியது. நாடி எகிறுகிறது, ஆனால் யாரும் எதையும் சொல்லவில்லை, காட்டவில்லை. தகுவிலை மூளைக்குப் புரியவில்லை போலிருக்கிறது. இன்பராஜ் ஓடி வந்தான்.

"அண்ணாச்சி, என்ன பண்றீங்க?"

"கை குலுக்குறோம்."

"துண்டு எதுக்கு?"

"வேர்க்குது."

"ஏசி ஓடுதேண்ணாச்சி!"

சுபிக்ஷா தடியைத் தட்டிக்கொண்டு முன்னால் வந்தாள். அவள் முகத்தில் காலையிலிருந்து இல்லாத ஒரு வெளிச்சம். "சட்டத்துல சொல்லுதல், எழுதுதல், காட்டுதல், அனுப்புதல்னு நாலு இருக்கு. தொடுதல்னு இல்ல. இருந்தா எடுத்துக் காட்டுங்க, நாங்க போயிடுறோம்."

இன்பராஜ் கூரையைப் பார்த்தான். கதவைப் பார்த்தான். பிறகு, சோபாவைத் துடைப்பவன் போலக் குனிந்து, தன் கையைத் துண்டுக்குள் விட்டான். அவனுக்கு எங்கள் விரல் கணக்கு தெரியாது. ஒன்று, இரண்டு என்று குழந்தை மாதிரி விரலை மடக்கி நீட்டினான். சுபிக்ஷாவின் விலையைவிடக் கூடுதல்.

"இது யாருக்கு?" என்றேன்.

"எனக்குத்தாண்ணாச்சி. இங்க வேலை பாக்கணும்னா இவங்க வண்டிதான் வாங்கணும். எனக்கு வேலை எவ்வளவு முக்கியம்னு அதுக்குத் தெரியும்."

மறுநாள் ஞாயிறு, மண்டிக்கு விடுமுறை. துண்டு சங்கதியை ராத்திரியே நான் சொல்லியிருந்ததால், எங்கள் மண்டித் தெரு முழுக்கக் கிளம்பி நால்வழிச் சாலைக்கு வந்துவிட்டது. பருப்பு வியாபாரி, மல்லிக்காரர், சாக்கு விற்பவர், லாரி புக்கிங் ஆபீஸ்காரர் எல்லோரும். வண்டி வாங்க வந்தவர்கள் கொஞ்சம், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் நிறைய. ஆண்கள் தோளில் துண்டு. பெண்களுக்கு எதற்குத் துண்டு என்று மாரிக்கனி முந்தானையை விரித்தாள். இந்தச் சேதி எப்படியோ ஊரில் பரவி, எனக்கு முகம் தெரியாதவர்கள்கூட வந்திருந்தார்கள். பலகைக்கு முன்னால் நிற்பார்கள், எண்ணை வாங்கிக்கொள்வார்கள், அடுத்தவர் கைமேல் துணியைப் போடுவார்கள். ஒரு சத்தம் இல்லை. கோயிலில்கூட இந்த ஊர் இவ்வளவு அமைதியாக நின்று நான் பார்த்ததில்லை.

யாருக்கு என்ன விலை என்பது வேடிக்கையாக இருந்தது, சிரிக்கத்தான் முடியவில்லை. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்திருந்த பருப்பு வியாபாரிக்குக் கூடுதல். புதிதாய்ப் பிள்ளை பெற்ற வீட்டுக்குக் கூடுதல். பக்கத்து வீட்டான் போன வாரம் வண்டி எடுத்திருந்த சாக்குக்காரருக்கு மிகமிகக் கூடுதல். பொறாமைக்கும் விலை போட்டிருந்தது அது. எல்லாவற்றிலும் குறைவு வேலாயுதம் விலைதான்.

மத்தியானத்துக்குள் அந்த விலை எல்லா விரல்களுக்கும் தெரிந்துவிட்டது. பலகைக்கு முன்னால் யார் போய் நின்றாலும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பெரிய எண் வந்தால் சிரித்தார்கள். எண் இறங்கியது, தயங்கியது, மறுபடி இறங்கியது.

"என்னய்யா ஆச்சு உங்க மூளைக்கு?" என்றேன் இன்பராஜிடம்.

"ஆளு எதுவரைக்கும் ஒத்துக்குவாங்கன்னுதாண்ணாச்சி அது பாக்கும். இப்ப எல்லாரும் ஒரே இடத்துல நிக்கிறாங்க. அதுக்கு வேற வழி இல்ல."

ஒவ்வொருவராக அந்த விலைக்கு வந்து சேர்ந்தார்கள். லாரி ஆபீஸ்காரர் வாங்க நினைக்காத வண்டியை வாங்கிவிட்டு வீட்டில் என்ன சொல்வது என்று விழித்துக்கொண்டிருந்தார். கடைசியாக சுபிக்ஷா போய் நின்றாள், துணைக்கு நான்.

எண் நேற்றைய இடத்திலேயே நின்றது. இறங்கவில்லை.

அவள் கையைக் கட்டினாள். இறங்கவில்லை. அதனிடம் அவளுடைய எக்ஸ்ரே இருந்தது. நாளைக்குத் திங்கட்கிழமை என்பதும் இருந்தது. மற்றவர்கள் மறுத்தால் வீட்டுக்குப் போவார்கள். இவள் மறுக்க மாட்டாள் என்று அதற்கு நிச்சயம்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "போகட்டும்த்தா. மிச்சத்தை மாமா போடுறேன்."

நான் சொல்லி வாயை மூடவில்லை, எண் ஏறியது.

"பாத்தீங்களா?" என்றாள். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. "உங்களையும் சேத்துக்கிச்சு."

கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள். கூட்டம் முழுக்க அவளைப் பார்த்தது.

"மேடம், நான் சுபிக்ஷா. விருதுநகர். நான் நாளைக்கு வரல மேடம். வண்டி அமையல. அந்த இடத்தை வேற யாருக்காவது கொடுத்துடுங்க."

மாரிக்கனி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். சுபிக்ஷா போனை வைத்தாள். தடியை ஊன்றி நடந்தாள். கதவைத் தாண்டினாள். தண்ணீர்த் தொட்டி ஓரமாக நிற்கவில்லை. நாங்கள் வந்த வாடகைக் காரை நேராக அடைந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தத் தாழ்ந்த இருக்கையில் தன்னை இறக்கினாள். அவள் அப்பா இறந்தபோதுகூட அவள் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. கிளம்புவதில் நான் மன்னன் என்று நினைத்திருந்தேன். நான் இத்தனை வருடமாகக் கிளம்பியதெல்லாம் கூத்து என்று அப்போது தெரிந்தது.

மாரிக்கனியும் நானும் ஏறிக் கதவைச் சாத்தப் போனோம்.

"மேடம்! மேடம்!" இன்பராஜ் ஒற்றைச் செருப்போடு ஓடி வந்தான். "கூப்பிடுது! உங்களைக் கூப்பிடுது மேடம்!"

"யாரு?"

"அதுதான்! இதுவரைக்கும் யாரையும் கூப்பிட்டதே இல்ல! நீங்க நெசமாவே போறீங்கன்னு அதுக்குத் தெரிஞ்சிருச்சு!"

திரும்பிப் போய் நின்றபோது பலகையில் வேலாயுதம் விலை இருந்தது. பட்டியலில் இருக்கைக்கு எதிரே ஒன்றும் இல்லை. வெறும் முஷ்டி. மதுரை அம்மாளுக்கு மறுபடி போன் போட்டபோது, "நீ சொன்னதை நான் இன்னும் யார்கிட்டயும் சொல்லல, காலையில நேரத்துக்கு வா," என்று சொல்லிவிட்டு வைத்தாராம்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். நியாயம் ஜெயித்தது, வண்டி வந்தது, துருவாக்காரன் எங்கள் ஊருக்கு மட்டும் ஒரே விலை என்று பலகை மாட்டினான். டீக்கடைகளில் என் துண்டைப் பற்றித்தான் பேச்சு. நானும் கூச்சப்படவில்லை.

மாசி பிறந்து வத்தல் வரத்து தொடங்கியது. மண்டி முழுக்கச் சிவப்பு. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து அழகுத்தாய் என்ற சம்சாரி நாலு மூட்டை கொண்டுவந்தார். மூட்டையை அவர் அவசரமாக இறக்கிய விதத்திலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. பெஞ்சில் உட்கார வைத்தேன், துண்டைப் போட்டேன், விலையை விரலில் வைத்தேன். அந்த அவசரத்துக்கு ஏற்ற விலை.

அழகுத்தாய் ஒத்துக்கொள்ளவும் இல்லை, பேரம் பேசவும் இல்லை. கையை உருவிக்கொண்டார். முந்தானையை விரித்துப் பக்கத்தில் இருந்தவர் கைமேல் போட்டார். அவர் தன் துண்டை எடுத்து அடுத்தவர் கைமேல் போட்டார். அப்படியே பெஞ்சு முழுக்கப் போனது.

"என்னம்மா இது?" என்றேன்.

"கை குலுக்குறோம் அண்ணாச்சி."

"சேலை எதுக்கு?"

"வேர்க்குது."

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள். நான் என்ன கண்ணாடிப் பலகையா? பரம்பரையாக மரியாதையோடு நடக்கும் கடை இது. முகம் பார்த்து மோர் கொடுத்து, குடும்ப விவரம் விசாரித்து, ஆளுக்குத் தக்கபடி விலை பேசுகிற இடம். இதையும் அதையும் ஒன்றாக நினைக்க எந்த மனுசருக்கு மனம் வரும்?

"யாரு சொல்லிக் கொடுத்தது இதை?" என்றேன்.

எல்லோரும் தெருப்பக்கம் பார்த்தார்கள்.

வாசலில் கிராஸ்ஓவர் வந்து நின்றது. கதவு திறந்தது. இருக்கை வெளிப்பக்கம் திரும்பி, கறுப்புக் கோட்டோடு ஒருத்தியைப் பதமாகத் தரையில் இறக்கிவிட்டது. தடியை ஊன்றி உள்ளே வந்தாள். சம்சாரிகள் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்கள். அந்த பெஞ்சு அவள் உயரத்துக்குத் தாழ்வு, அதனால் வத்தல் மூட்டையில் சாய்ந்து நின்றாள். பெஞ்சில் கிடந்த என் துண்டை எடுத்து, உதறி, நாலாக மடித்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"வத்தல் இன்னைக்கு என்ன விலை மாமா?" என்றாள். "எல்லாருக்கும் கேக்குற மாதிரி சத்தமா சொல்லுங்க."

வத்தல் விலையைச் சொல்லக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனாலும் எனக்குத் தொண்டை கமறியது. மண்டியில் எப்போதும் இருக்கிற நெடிதான் என்றேன்.

பெஞ்சில் இருந்த யாரும் இருமவில்லை.